மிதிவண்டி இருக்கையை எத்தனை முறை சரிசெய்ய வேண்டும்? முழங்கால் வலியைத் தவிர்க்க உதவும் எளிய வழிமுறைகள்

புதுடெல்லி: மிதிவண்டி வாங்கும் நாளில் கடைக்காரர் ஸ்பேனரால் இறுக்கித் தரும் இருக்கையின் உயரம், பல வீடுகளில் அந்த வண்டியின் ஆயுள் முழுவதும் மாறுவதே இல்லை. காற்று அடிக்கவும் பஞ்சர் ஒட்டவும் கடைக்குச் செல்வோர், இருக்கை தங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அரிது. மறுபுறம், பெருநகரங்களில் நீண்ட தூரம் ஓட்டுவோரில் சிலர் வாரந்தோறும் ஏதேனும் ஒரு மாற்றம் செய்து பார்க்கின்றனர். இவ்விரண்டு பழக்கங்களுமே உடலுக்கு நன்மை தருவதில்லை. மிதிவண்டியில் எதை, எப்போது, எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

ஏன் முக்கியம்?

2019-21ஆம் ஆண்டின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் பாதிக் குடும்பங்களிடம் மிதிவண்டி உள்ளது. வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள், பள்ளி மாணவ, மாணவியர், பால் மற்றும் செய்தித்தாள் விநியோகிப்போர் எனப் பலருக்கும் அதுவே அன்றாட வாகனம். மத்திய விளையாட்டுத் துறை 2024 டிசம்பரில் தொடங்கிய 'ஃபிட் இந்தியா' மிதிவண்டிப் பயணங்கள் மூலம், உடற்பயிற்சிக்காக ஓட்டுவோரும் இதில் இணைந்து வருகின்றனர்.

நிமிடத்துக்கு 60 சுற்று என்ற மிதமான வேகத்தில் பெடல் மிதிப்பவரின் ஒவ்வொரு முழங்காலும் ஒரு மணி நேரத்தில் 3,600 முறை மடங்கி நீள்கிறது. இருக்கை ஓரிரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், அந்தச் சிறு பிழையும் அத்தனை முறை மூட்டின் மீது சுமையாக இறங்குகிறது. ஒரு நாளில் தெரியாத இந்தப் பாதிப்பு, சில மாதங்களில் நிலையான வலியாக மாறக்கூடும்.

எடி மெர்க்ஸின் அனுபவம்

உலகின் தலைசிறந்த சைக்கிள் பந்தய வீரர்களில் ஒருவரான பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், 'டூர் டி பிரான்ஸ்' பட்டத்தை 5 முறை வென்றவர். 1969ஆம் ஆண்டு தனது முதல் பட்டத்தை வென்ற சில வாரங்களில், பிரான்ஸின் புளுவா நகரில் நடந்த ஓடுதளப் போட்டியில் அவர் விபத்தில் சிக்கினார். அவருக்கு முன்னால் சென்ற மோட்டார் வாகனத்தின் ஓட்டுநர் அதில் உயிரிழந்தார். மெர்க்ஸின் முதுகிலும் இடுப்பிலும் ஏற்பட்ட காயத்தின் வலி அவரை விட்டு முழுமையாக நீங்கவில்லை. அதன் பிறகு இருக்கையின் உயரத்தை அடிக்கடி மாற்றுவது அவரது வழக்கமாயிற்று. போட்டியின் நடுவிலேயே அதனைச் சரிசெய்ததும் உண்டு.

உடல் மாறும்போது வண்டியின் அமைப்பும் மாற வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. அதே வேளையில், காயத்தால் ஏற்படும் வலியை இருக்கையை மாற்றி மட்டும் போக்கிவிட முடியாது என்பதையும் அது உணர்த்துகிறது.

சரியான உயரத்தைக் கண்டறிவது எப்படி?

எளிய வழி குதிகால் சோதனையாகும். சுவரைப் பிடித்தபடி இருக்கையில் அமர்ந்து, பெடலை அதன் மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, அதன் மீது குதிகாலை வைக்க வேண்டும். அப்போது இடுப்பு ஒருபுறம் சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் ஏறத்தாழ சரியானது. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால், முழங்காலில் சிறிது மடிப்பு தானாகவே அமையும். அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரி வரை இருப்பது ஏற்றதாகக் கருதப்படுகிறது.

கணக்கிட விரும்புவோருக்கு மற்றொரு முறையும் உண்டு. வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, கால்களுக்கிடையே ஒரு புத்தகத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் இணையும் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். உள்கால் அளவு 75 சென்டிமீட்டர் எனில், இத்தூரம் சுமார் 66 சென்டிமீட்டர் ஆகும். 3 முறை 'டூர் டி பிரான்ஸ்' வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய முறை இது. இரண்டு வழிகளுமே தொடக்கப் புள்ளிகள் மட்டுமே; இறுதி முடிவை ஓட்டுபவரின் உடலே சொல்லும்.

வலி உணர்த்தும் காரணங்கள்

முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்க வாய்ப்புண்டு. பின்புறம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ அது மிக உயரமாக இருக்கலாம். விரல்கள் மரத்துப்போனால், உடலின் எடை கைகளில் அதிகம் விழுகிறது என்று பொருள். கைப்பிடி மிகத் தாழ்ந்தோ, தொலைவிலோ இருப்பது, இருக்கையின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருப்பது ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

நெரிசலான சாலைகளில் கால் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காகப் பலர் இருக்கையைத் தாழ்த்தியே வைக்கின்றனர். புதிதாகப் பழகுவோருக்கு இது பாதுகாப்பானதே. பழகிய பின்னர், நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னால் இறங்கிக் காலூன்றும் முறையைக் கற்றுக்கொண்டு, இருக்கையைப் படிப்படியாக உயர்த்தலாம்.

எத்தனை முறை மாற்ற வேண்டும்?

புதிய வண்டி வாங்கிய முதல் 2 அல்லது 3 வாரங்களில் சிறு மாற்றங்கள் சில தேவைப்படுவது இயல்பு. ஒவ்வொரு முறையும் சுமார் 5 மில்லிமீட்டர் மட்டும் மாற்றி, சில பயணங்கள் ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்த மாற்றத்தைச் செய்ய வேண்டும். இருக்கை, கைப்பிடி இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலன் தந்தது, எது வலி தந்தது என்று அறிய இயலாது. பழைய அளவைக் குறித்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

உடலுக்குப் பொருந்திய அமைப்பைக் காரணமின்றி மாற்றத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அளந்து சரிபார்த்தால் போதுமானது. இருக்கைத் தண்டு மெல்லக் கீழிறங்குவதும், இருக்கையின் மெத்தை அமுங்குவதும் அப்போது தெரியவரும். காயம், அறுவைச் சிகிச்சை, நீண்ட இடைவெளி, உடல் எடையில் பெரிய மாற்றம், புதிய இருக்கை, பெடல் அல்லது காலணி ஆகிய சூழல்களில் மட்டும் உடனடியாக மறுபரிசீலனை தேவை.

டயர் காற்று, பிரேக், செயின் ஆகியவற்றின் நிலை வேறு. காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறையும், பிரேக்கை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்ப்பது நல்லது.

வளரும் மாணவர்களுக்குக் கூடுதல் கவனம்

பீகாரில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாணவியர் மிதிவண்டித் திட்டம், 9ஆம் வகுப்பில் சேரும் மாணவியருக்குப் பயனளித்தது. உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை அதிகரிக்க அத்திட்டம் உதவியதை ஆய்வு உறுதி செய்துள்ளது. மேற்கு வங்கத்தின் 'சபுஜ் சாத்தி', தமிழ்நாட்டின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் ஆகியவையும் பதின்ம வயதினரையே சென்றடைகின்றன.

இந்த வயதில் உயரம் விரைவாகக் கூடுகிறது. ஆனால், 14 வயதில் பொருத்திய இருக்கை 16 வயதிலும் அதே உயரத்தில் நிற்பதைக் காணலாம். எனவே, 3 மாதங்களுக்கு ஒருமுறை, உதாரணமாக ஒவ்வொரு தேர்வு விடுமுறையிலும், குதிகால் சோதனை செய்வது பயனுள்ளதாக இருக்கும். இதற்கு ஒரு ஸ்பேனரும் 5 நிமிடங்களும் போதும்.

ஒரே வண்டி, பல ஓட்டுநர்கள்

தந்தை காலையிலும் மகள் மாலையிலும் ஒரே வண்டியை ஓட்டும் வீடுகளில், இருக்கைத் தண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் ஒட்டுநாடா அல்லது பெயிண்ட் கோடு இட்டுக்கொள்ளலாம். கையால் திறந்து மூடும் நெம்புகோல் வகைப் பூட்டு இருந்தால், ஸ்பேனர் இன்றியே உயரத்தை மாற்ற இயலும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இருக்கைத் தண்டில் பொறிக்கப்பட்டுள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு அதனை உயர்த்தக் கூடாது. தண்டு முறிந்து விழும் ஆபத்து உண்டு. அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டிய நிலை ஏற்பட்டால், நீளமான தண்டையோ பெரிய சட்டகம் கொண்ட வண்டியையோ தேர்வு செய்ய வேண்டும். மாற்றம் செய்த பின் இருக்கையை இருபுறமும் திருப்பிப் பார்த்து, அசையாததை உறுதி செய்த பின்னரே சாலையில் இறங்க வேண்டும்.

சரிசெய்த பிறகும் 2 அல்லது 3 வாரங்களுக்கு மேல் வலி நீடித்தாலோ, மூட்டில் வீக்கம் தென்பட்டாலோ, இருக்கையை மேலும் மாற்றிக்கொண்டிருப்பதைத் தவிர்த்து மருத்துவரை அணுகுவதே சரியான வழியாகும்.