தேடுபெட்டியிடம் கேஸ்கட் கேட்பது எப்படி?

‘5 லிட்டர் குக்கர் கேஸ்கட்’ என்று இணையச் சந்தை ஒன்றின் தேடுபெட்டியில் தட்டிப் பாருங்கள். முதலில் ஒரு புதுக் குக்கர் வரும். அடுத்து வெயிட், சேஃப்டி வால்வு, கைப்பிடி, 3 லிட்டருக்கான கேஸ்கட், மிக்ஸி ஜாருக்குப் போடும் ரப்பர் வளையம் என்று வரிசை நீளும். நடுவே 5 லிட்டருக்கான கேஸ்கட்டும் நாலைந்து இருக்கும். அவற்றில் எது நம் வீட்டுக் குக்கருக்கானது என்று மட்டும் தெரியாது. வேண்டிய பொருள் அதே சந்தையில்தான் கிடக்கிறது. நாம் தட்டிய சொல்லுக்கு அது மேலே வரவில்லை. மேலே வரவழைக்க ஒரு முறை உண்டு. கேஸ்கட்டை வைத்தே சொல்கிறேன். மிக்ஸி கப்ளர், வாஷிங் மெஷின் ஹோஸ், தண்ணீர் ஃபில்டரின் கேண்டில் என எந்த உதிரிபாகத்துக்கும் இது பொருந்தும்.

வேலை தொடங்குவது கைபேசியில் இல்லை, அடுக்களையில். குக்கரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பெயர், மாடலின் பெயர், மூடி உள்ளே நுழைந்து பூட்டுவதா, மேலே வந்து மூடுவதா என்ற மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். உள்மூடிக் கேஸ்கட்டும் வெளிமூடிக் கேஸ்கட்டும் ஒன்றுக்கொன்று மாறாது. லிட்டரையும் குறிக்கலாம், ஆனால் அதை நம்ப வேண்டாம். கேஸ்கட்டுக்கு லிட்டர் தெரியாது. மூடியின் அகலம்தான் தெரியும். வாயகலத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்டிச் செய்த இரண்டு குக்கர்களுக்கு ஒரே கேஸ்கட் போதும். அதே 5 லிட்டரில் அகலமான பான் வகை என்றால் கேஸ்கட் வேறு. ஆகவே கேஸ்கட் உட்காரும் இடத்தில் மூடியின் குறுக்களவை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பழைய கேஸ்கட்டை அளப்பதில் பயனில்லை. சூட்டில் வெந்து வெந்து அது இழுபட்டோ இறுகியோ போயிருக்கும்.

தாளில் ஏற வேண்டிய இன்னொன்றுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குக்கரோடு வந்த கையேட்டின் பின்பக்கத்தில் உதிரிபாகப் பட்டியல் இருக்கும். அதில் கேஸ்கட்டுக்கு எதிரே எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று அச்சாகியிருக்கும். கையேடு பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள். உதிரிபாகங்களை மாடல்வாரியாகப் பட்டியலிட்டிருக்கும் கம்பெனிகள் உண்டு. முன்பு வாங்கிய கேஸ்கட்டின் உறை கிடைத்தால் அதில் உள்ள பார்கோடு எண்ணும் உதவும். 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் அது. (890 என்பதால் இந்தியாவில் செய்தது என்று பொருளில்லை. எண்ணை வழங்கிய பதிவகம் இந்தியாவில் இருக்கிறது, அவ்வளவே.)

இனி தட்டலாம். அதற்கு முன், தட்டியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தவறு நேர்வது அங்கேதான்.

நாம் எழுதியதை இயந்திரம் தனித்தனிச் சொற்களாக உடைக்கிறது. எழுத்துப்பிழை என்று தான் நினைப்பதைத் திருத்துகிறது. சொல்லின் விகுதியை வெட்டுகிறது, ஒத்த பொருளுள்ள சொற்களைச் சேர்த்துக்கொள்கிறது. தமிழில் எழுதினால் இதற்கு முன் அதை ஆங்கிலத்துக்கு மாற்றும் இன்னொரு படியும் உண்டு. ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் 2020இல் தமிழைச் சேர்த்தன. ஆனால் விற்பனையாளர்கள் பொருளுக்கு இடும் தலைப்பு பெரும்பாலும் ஆங்கிலம்தான். ‘உள்மூடி’ என்ற சொல் அந்தத் தலைப்பில் உள்ள எதோடும் நேராக ஒட்டாது. எனவே பொருளைத் தமிழில் தேடினாலும் குறியீட்டைத் தாளில் குறித்தபடியே ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

அடுத்து, சொல் இருக்கும் பொருட்களைத் தேடி எடுக்கும் பழைய முறையோடு, சொல் இல்லாவிட்டாலும் ‘கிட்டத்தட்ட இதுதான்’ என்று கணிக்கும் முறையும் சேர்ந்துவிட்டது. அமேசானின் ஆய்வாளர்களே 2019இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். தேடிய சொல், அதைத் தேடியவர்கள் கடைசியில் வாங்கிய பொருள் ஆகிய இரண்டையும் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கும் முறை அது. ‘தலைவலி மருந்து’ என்று தேடுகிறவருக்கு இது வரப்பிரசாதம். உதிரிபாகம் தேடுகிறவருக்குத் தொல்லை. கேஸ்கட் என்று தேடிய பலர் சலித்துப்போய்ப் புதுக் குக்கரே வாங்கியிருந்தால், கேஸ்கட்டுக்கும் குக்கருக்கும் உறவு உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். ஹார்டுவேர் கடையில் கேட்டது இல்லாதபோது ‘இது பாருங்க, இதுவும் நல்லாத்தான் இருக்கும்’ என்பாரே, அந்த ஆளை இருப்பு உள்ளபோதும் முன்னால் நிறுத்திவைத்தது போல.

இவ்வளவும் முடிந்து வரிசைப்படுத்தும்போது விளம்பரம் நுழைகிறது. 2024இல் அமேசானுக்கு விளம்பரத்தால் மட்டும் வந்த வருமானம் 5,600 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பங்கு, தேடல் முடிவுகளிலும் பொருளின் பக்கத்திலும் இடம் பிடிக்க விற்பனையாளர்கள் கட்டும் பணம். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023 செப்டம்பரில் தொடுத்த வழக்கில், தேடலுக்குத் தொடர்பில்லாத விளம்பரங்களைத் தெரிந்தே அதிகமாகக் காட்டியதாக அந்நிறுவனத்தின் மீது ஒரு குற்றச்சாட்டும் உண்டு. நிறுவனம் வழக்கை எதிர்த்து நிற்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும், மேல்வரிசையில் மங்கலான எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்றிருப்பதைத் தாண்டிப் போகக் கண்ணைப் பழக்குங்கள்.

இப்போது தேடுதல். குறியீட்டை மட்டும் தனியாக இடுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், ‘குக்கர்’ வேண்டாம், ‘கேஸ்கட்’கூட வேண்டாம். எண் கலந்த குறியீட்டுக்கு ஒத்த பொருள் கண்டுபிடிக்க இயந்திரத்தால் எளிதில் முடியாது. அதுதான் நமக்கு வசதி. சில சமயம் அதையும் எழுத்துப்பிழை என்று திருத்திவிட்டு, திருத்திய சொல்லுக்கான முடிவுகளைக் காட்டும். அப்போது மேலே சிறிய எழுத்தில் நாம் எழுதியது இணைப்பாக இருக்கும். அதைத் தொட்டால் திருத்தாமல் தேடும்.

ஒன்றும் வராவிட்டால் கம்பெனி பெயரைச் சேருங்கள். பிறகு மாடல். பிறகு பொருள். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, எந்தச் சொல்லுக்குப் பட்டியல் மாறுகிறது என்று கவனியுங்கள். முன்பெல்லாம் சொல் கூடக்கூட முடிவுகள் குறையும். இன்று பல சந்தைகளில் நிலைமை தலைகீழ். நீளமாக எழுதினால் இயந்திரம் சில சொற்களைத் தானே விட்டுவிட்டு மீதியை வைத்துத் தேடுகிறது. விட்டது நம் குறியீடாகவே இருக்கலாம்.

பட்டியல் வந்ததும் கை தானாக ஃபில்டருக்கும் ‘விலை குறைவிலிருந்து’ என்ற வரிசைக்கும் போகும். இரண்டையும் தள்ளிவையுங்கள். விற்பனையாளர் நிரப்பிய கட்டங்களை வைத்துத்தான் ஃபில்டர் சலிக்கிறது. லிட்டர் கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தால், சரியான கேஸ்கட்டே சல்லடையில் நின்றுவிடும். கம்பெனி, பொருள்வகை இரண்டையும் மட்டும் சலிக்கலாம். விலை வரிசையில் வேறு தந்திரம் இருக்கிறது. வெயிட், வால்வு, கேஸ்கட் மூன்றையும் ஒரே பொருளின் ‘வகைகள்’ என்று கட்டி வைத்திருப்பார்கள். பட்டியலில் தெரிவது மூன்றில் மலிவானதன் விலை. உள்ளே போய் கேஸ்கட்டைத் தொட்டால் விலை மாறும். பின்கோடையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு அனுப்பாத கடைக்காரரின் சரக்கு கீழே போய்விடும் அல்லது கண்ணிலேயே படாது.

சந்தையின் தேடுபெட்டி முற்றிலும் கைவிட்டால் வெளியிலிருந்து நுழையலாம். கூகுளில் குறியீட்டை இரட்டை மேற்கோளுக்குள் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்ற சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் அந்தச் சந்தையின் முகவரி என்று தட்டுங்கள். அந்தச் சந்தைக்குள் மட்டும் கூகுள் தேடும். ஈபேயில் இந்தச் சிரமம் குறைவு. மேற்கோளையும், வேண்டாத சொல்லுக்கு முன் இடும் கழித்தல் குறியையும் அது மதிக்கிறது. மற்ற சந்தைகளும் இதைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் விளம்பரத்துக்கு இடம் சுருங்கும் என்பதைத் தவிர வேறு தடை எனக்குத் தெரியவில்லை.

கிடைத்த பொருளைச் சரிபார்ப்பது கடைசிப் படி. தலைப்பைப் படிக்க வேண்டாம். பத்துக் கம்பெனிகளின் பெயரை வரிசையாக அடுக்கிய தலைப்பு, எந்தத் தேடலிலும் சிக்க வேண்டும் என்று எழுதியது. உறையின் படத்தைப் பெரிதாக்கிக் குறியீட்டைப் பாருங்கள். குறுக்களவு கொடுத்திருந்தால் தாளோடு ஒப்பிடுங்கள். ரப்பர் கேஸ்கட்டுக்கென்றே ஐஎஸ் 7466 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அந்த எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரையும் உறையில் தெரிந்தால் நல்லது. நட்சத்திரங்களை எண்ண வேண்டாம், மதிப்புரைகளில் இரண்டு மூன்றைப் படியுங்கள். அவை வேறு பொருளைப் பற்றியதாக இருக்கக்கூடும். நன்றாக விற்ற பழைய பொருளோடு புதியதை ‘வகை’ என்று இணைத்து, பழையதன் மதிப்புரைகளைப் புதியதற்கு ஏற்றிய ஒரு வைட்டமின் கம்பெனி, 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. வாங்கியதும் அந்தப் பக்கத்தில் உள்ள பொருள் எண்ணைத் தாளில் குறித்துவிடுங்கள். அமேசானில் அது 10 எழுத்து. அடுத்த முறை அதையே தேடுபெட்டியில் இடலாம்.

தேடி எடுத்தது சரியான பொருளா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது மட்டும் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் வழியே போன அத்தகைய குக்கர்கள் 2,265. முடிவுகளை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதை எளிய மொழியில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சந்தைகளுக்குச் சொல்கின்றன. நீங்கள் வழக்கமாக வாங்கும் சந்தையில் அந்த விளக்கத்தை ஒருமுறை தேடிப் படியுங்கள். கிடைக்கவில்லை என்றாலோ, படத்தில் ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்க மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.