ஸ்டீரிங் கியர் நடுவில் சிக்கிக்கொண்டால்...

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஸ்டீரிங் பக்கத்தில் உள்ள கியர் கைப்பிடி நடுவில் சிக்கிக்கொள்கிறது. மேலேயும் போவதில்லை, கீழேயும் வருவதில்லை. கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டுமா?" பெரும்பாலும் வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் 1963 முதல் 1965 வரை தயாரான ஹோல்டன் இ.எச். காரை எடுத்துக்கொள்வோம். கைப்பிடியை நம் பக்கம் இழுத்து மேலே தள்ளினால் ரிவர்ஸ், கீழே இறக்கினால் முதல் கியர். அந்தப் பக்கம் மேலே இரண்டு, கீழே மூன்று. ஸ்டீரிங் தண்டின் அடியில் இரண்டு சிறிய இரும்புக் கரங்கள் இருக்கும். ஒன்று ரிவர்ஸுக்கும் முதல் கியருக்கும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். இரண்டிலிருந்தும் தனித்தனிக் கம்பி கியர்பாக்ஸுக்குப் போகிறது.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கைப்பிடி ஒரு கரத்தை விட்டுவிட்டு மற்றதைப் பிடிக்க வேண்டும். இரண்டும் நியூட்ரலில் நேராக நின்றால்தான் அது நடக்கும். கம்பி முனையில் உள்ள புஷ் தேய்ந்துவிட்டால் ஒரு கரம் சற்றுத் தள்ளி நிற்கும். அங்கேதான் சிக்கல்.

அப்போது பலவந்தம் கூடாது. தாப்பா மலைப்பாதையில் ஒருமுறை அவசரப்பட்டு இழுத்தேன்; கைப்பிடியின் பின் முறிந்து கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒரு லாரி வேறு! எஞ்சினை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பானட்டைத் திறந்து அந்த இரண்டு கரங்களையும் கையால் நடுநிலைக்குத் தள்ளியிருந்தால் போதும். பக்கத்தில் எக்சோஸ் குழாய் கொதிக்கும், கவனம்.

வீட்டுக்கு வந்தபின் முதலில் கிளட்சைப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் கோளாறு கிளட்சில்; கம்பிகளைத் தொட வேண்டாம்.

அடுத்து, கம்பிகளைக் கியர்பாக்ஸ் பக்கம் கழற்றிவிட்டு அங்குள்ள நெம்புகோல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். சுலபமாக விழுந்தால் கியர்பாக்ஸ் நலம். கைப்பிடி தனியாகவும் இறுகியிருந்தால், தண்டுக்குள் பழைய கிரீஸ் கட்டியாகிவிட்டது என்று பொருள். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துப் புதிய கிரீஸ் தடவுங்கள். தேய்ந்த புஷ் ஒன்றை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள், எல்லாவற்றையும் மாற்றுங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் அமுங்கியிருந்தாலும் கம்பிகள் இடம் மாறும், அதையும் பாருங்கள்.

கடைசி வேலைக்குத்தான் பொறுமை தேவை. கைப்பிடி நியூட்ரலில், கியர்பாக்ஸ் நெம்புகோல் இரண்டும் நியூட்ரலில், அடிக் கரங்கள் இரண்டும் நேராக. இந்த நிலையில் கம்பியின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ, இழுக்காமல் தள்ளாமல் தானாகவே பொருந்தும்படி வைத்து முடுக்குங்கள். எஞ்சினைக் கிளப்பாமல் ஒன்றிலிருந்து இரண்டுக்கு இருபது முறையாவது வேகமாக மாற்றிப் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். இந்தக் காரின் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுமையாக நின்றபிறகே அதைப் போட வேண்டும். ஓட்டத்தில் போட்டுச் சத்தம் வந்தால் கம்பிகளைக் குறை சொல்லாதீர்கள்.