புகையானின் பின்பக்கம் பார்த்தாச்சு!

வாங்க, வாங்க, மூச்சை மட்டும் மெதுவா விடுங்க. வேகமாக விட்டால் மேஜை மேல் இருக்கிற பூச்சியெல்லாம் பறந்துவிடும். விளக்குப்பொறியில் நேற்றிரவு விழுந்த தத்துப்பூச்சிகள் இவை. எல்லாமே பழுப்பு, எல்லாமே நாலு மில்லிமீட்டர் சுமாருக்கு. நெல் வயலை வட்டம் வட்டமாகக் கருக்கிவிட்டுப் போகும் புகையான் இந்தக் கூட்டத்தில் எது? கண்டுபிடிக்கிறதுதான் இன்றைய கூத்து.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வையுங்க. முதலில் உணர்கொம்பு. இலைத் தத்துப்பூச்சிக்கு அது இரு கண்களுக்கும் நடுவே முளைத்திருக்கும். புகையான் வகையறாவுக்கோ கண்ணுக்குக் கீழே, கன்னத்தில்! பாதிக் கூட்டம் இதிலேயே கழிந்தது.

அடுத்து பின்னங்கால். கணைக்காலின் நுனியில் ஒரு பெரிய முள் தெரிகிறதா? ஊசியால் தொடுங்க. ஐயோ, அசைகிறது! விளிம்பில் ரம்பப் பல் வேறு. இப்படி அசைகிற முள் இருந்தால் அது டெல்ஃபாசிடே குடும்பம். இன்னும் கொஞ்சம் கீழே, பாதத்தின் முதல் கணுவில், பக்கவாட்டில் பொடிசாக ஒன்றிரண்டு முள். வெண்முதுகுத் தத்துப்பூச்சிக்கு இது கிடையாது. ஆக, நம்ம ஆள் நீலபர்வதா என்ற பேரினம்.

பேரினம் சரி, இனம்? ஆசிய நெல் வயல்களில் லூகன்ஸ், பேக்கரி, மூயிரி என்று மூன்று நீலபர்வதாக்கள் திரிகின்றன. புகையான் லூகன்ஸ்தான். நிறத்தைப் பார்த்துப் பெயர் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரே இனத்தில் வெளிர்பழுப்பும் உண்டு, கருப்பும் உண்டு. இறக்கையும் கைவிடும். பயிர் இளசாக இருந்தால் குட்டை இறக்கை, கூட்டம் பெருகிப் பயிர் வாடினால் நெட்டை இறக்கை.

அப்போ எதைத்தான் நம்புவது? ஆணின் பின்பக்கத்தை! வயிற்று நுனியை வெட்டி, பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சூடாக்கினால் சதை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். கழுவி, ஒரு சொட்டு கிளிசரினில் போட்டு, ஊசியால் புரட்டணும். நழுவும், உருளும், திட்ட வைக்கும். திடீரென்று நேராக நிற்கும் பாருங்க, ஆகா! பாக்குவெட்டி மாதிரி இரண்டு பிடிப்பான்கள், நடுவே கலவி உறுப்பு. அதன் வளைவும் நுனியும் இனத்துக்கு இனம் வேறு. பெண் என்றால் முட்டையிடும் குழலின் அடித்தட்டு காட்டிக்கொடுக்கும்.



இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த ரகசியம் வேறு. நெல்லுக்கு உறவான லீர்சியா என்ற புல்லிலும் லூகன்ஸ் வாழ்கிறது. அதை எப்படி அறுத்துப் பார்த்தாலும் நெல் புகையானிலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் இரண்டுமே வயிற்றை அதிர வைத்துத் தண்டு வழியாகக் காதல் பாட்டு அனுப்பும். வேல்ஸின் கார்டிஃப் ஆய்வாளர்கள் 1980-களில் அந்த அதிர்வுகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நெல்லில் வாழ்பவற்றுக்கு ஒரு தாளம், புல்லில் வாழ்பவற்றுக்கு இன்னொரு தாளம்! கூண்டில் வேறு துணை இல்லாமல் அடைத்தால் இரண்டும் கூடிக் குஞ்சும் பொரிக்கும். தேர்ந்தெடுக்க விட்டாலோ, பெரும்பாலும் தன் தாளக்காரரிடமே போகும்.