உடம்புக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்!

பொட்டிபுரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நியூட்ரினோ! போடிநாயக்கனூர் பக்கத்து மலையடிவாரக் கிராமம். 2015-ல் அங்கே ஆய்வுக்கூடம் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் டீக்கடை பெஞ்சில்கூட இயற்பியல் பேசினார்கள். அப்புறம் போராட்டம், வழக்கு...

உண்மையில் நியூட்ரினோ ரொம்ப சாது. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் போயாச்சு. ஒன்றையும் தொடாது. நான் சொல்லப் போகிற ஆசாமி நேர் எதிர். ஒரு தடவை உள்ளே வந்தால் வீட்டையே தன் பெயருக்கு எழுதிக்கொள்வார். ரெட்ரோவைரஸ் என்பது குடும்பப் பெயர். அதில் ரொம்பப் பிரபலமானவர் எச்.ஐ.வி.

புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் கேட்டோமே, வந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று யாராவது கேட்டோமா? கேட்டுவிடலாம்.

நம் உடம்பின் ஒரு செல்லை ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் அறை பீரோவில் மூலப் பதிவேடு பத்திரமாக இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்து! அன்றாட வேலைக்கு மூலத்தைத் தர மாட்டார்கள், நகல் மட்டும்தான். அந்த நகலுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. மூலத்திலிருந்து நகல் எடுக்கலாம், நகலிலிருந்து மூலம் தயாரிக்க முடியாது என்றுதான் விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். 1970-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் இருவரும் தனித்தனியாக, 'முடியும் ஸார்' என்று நிரூபித்தார்கள். 1975-ல் நோபல் பரிசு வீடு தேடி வந்தது.

எச்.ஐ.வி. கையில் வைத்திருப்பதும் வெறும் நகல்தான். சுமார் 9,700 எழுத்து. நம் பதிவேட்டுக்கு முன்னால் அது ஒரு துண்டுச் சீட்டு. ஆனால் கூடவே இரண்டு கில்லாடிகளைக் கூட்டிவருகிறது. முதல் ஆள் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், பத்திர எழுத்தர். நகலைப் பார்த்து மூலம் மாதிரியே டி.என்.ஏ. எழுதித் தருவார். இரண்டாவது ஆள் இன்டகிரேஸ். கத்தரிக்கோல் கேஸ்! புதிதாக எழுதிய பத்திரத்தின் ஓரங்களைச் சீவி, நம் பதிவேட்டை நடுவில் வெட்டி, உள்ளே செருகிவிடுவார். வெட்டிய இடத்தைப் பசை போட்டு ஒட்டுவது யார் தெரியுமா? நம் செல்லின் சொந்த ரிப்பேர் ஆட்கள்! வேலை சுத்தம்.

அதற்கப்புறம் ஆபீசுக்கு அது அயலான் பக்கமாகவே தெரியாது. நம் சொந்தப் பக்கம் என்று நினைத்து நகல் மேல் நகலாக எடுத்துத் தள்ளும். அத்தனையும் புது வைரஸ். அவர் முக்கியமாகக் குறி வைக்கும் ஆபீஸ் எது? கிருமிகளோடு சண்டை போடுகிற நம் சி.டி.4 ரத்த அணுக்கள். போலீஸ் ஸ்டேஷனிலேயே புகுந்து எஃப்.ஐ.ஆர். புத்தகத்தை மாற்றி எழுதுகிற துணிச்சல்!

பதிந்தது அழியாதா என்று கேட்பீர்கள். நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம், என்றோ நம் மூதாதைகளுக்குள் புகுந்த ரெட்ரோவைரஸ்களின் மிச்சம். ஆளே போய்ச் சேர்ந்த பிறகும் பத்திரம் மட்டும் வம்சாவளியாக வருகிறது!

போடி மலையில் ஏலக்காய் போடுகிறவர்களுக்கு 'கட்டே' நோய் தெரியும். அதுவும் வைரஸ்தான், அசுவினிப் பூச்சி பரப்புவது. ஆனால் ரெட்ரோ இல்லை, செடியின் டி.என்.ஏ.வில் தன்னைச் செருகிக்கொள்ளாது. இலையில் வெளிர் கோடு தெரிந்ததும் தூரோடு பிடுங்கி அழித்துவிடுவார்கள். எச்.ஐ.வி. விஷயத்தில் எந்தச் செல்லைப் பிடுங்குவது? பதிவு நடந்த செல்களில் சில, ஒன்றும் செய்யாமல் வருஷக்கணக்கில் தூங்கும். தூங்குகிறவனை மருந்துக்கு அடையாளம் தெரியாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் எழுந்து வந்துவிடுவான். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று பாதியில் விடக்கூடாது என்று டாக்டர்கள் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

நம் நாட்டில் இந்த ஆசாமி முதலில் பிடிபட்டதே சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில், மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்தார். சோதிக்க சென்னையில் வசதி கிடையாது. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். 6 பேருக்கு இருந்தது. அப்போது மருந்து என்று ஒன்றும் கிடையாது.

1987-ல் ஏ.இஸட்.டி. வந்தது. அது பத்திர எழுத்தரின் கையைப் பிடிக்கிற மருந்து. கத்தரிக்கோல்காரரை மடக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: ரால்டெக்ராவிர். அதன் தம்பி டோலுடெக்ராவிர் இப்போது அரசு மையங்களில் இலவசமாகத் தரும் மாத்திரையிலேயே இருக்கிறது. தினம் ஒன்று. 2004 ஏப்ரலில் இலவச மருந்து தொடங்கிய இடங்களில் நம் தாம்பரமும் ஒன்று. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் அது துணைக்குப் பரவாது. கல்யாணம், குழந்தை, எல்லாம் உண்டு!

பதிவு நடப்பதற்குள் தடுக்கவும் வழி இருக்கிறது. ஊசி குத்திவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சீக்கிரம் போகப் போக நல்லது. 28 நாள் மருந்து. திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து பார்த்துக்கலாம் என்கிற விஷயமில்லை.

ஏலத்தோட்டத்தில் நோய்ச்செடியைப் பிடுங்குவது நியாயம். எச்.ஐ.வி. இருக்கிறது என்று மனுஷனை வேலையிலிருந்தும் வாடகை வீட்டிலிருந்தும் பிடுங்குவது? 2017-ல் அதற்கென்றே சட்டம் போட்டு, 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. தனியார் கம்பெனிக்கும் சேர்த்துத்தான். பக்கத்து சீட்டுக்காரரோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்வதால் எந்தப் பத்திரமும் பதிவாகாது ஸார்!

அரை கிரவுண்டு மனை வாங்க 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். உடம்புக்கு? அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். விஷயம் வெளியே போகாது. சந்தேகம் இருந்தால் 1097-க்கு ஒரு போன், அதுவும் இலவசம். வில்லங்கம் இல்லையென்றால் நிம்மதி. இருந்தால் தினம் ஒரு மாத்திரை. பார்க்காமலே இருப்பதுதான் பெரிய வில்லங்கம்!