நாய்க்கு அரிப்பா? மருந்துக்கு முன்னாடி டெஸ்டுக்குச் செலவு பண்ணுங்க

நாய் வளர்க்கிற வீட்டு மாசச் செலவுக் கணக்குல ஒரு வரி அடிக்கடி வரும்: ஊசி, ஷாம்பு, ஆயின்மென்ட். ஒவ்வொரு தடவையும் சின்னத் தொகைதான். ஆறு மாசத்தைக் கூட்டினாதான் அது எவ்வளவு பெருசுன்னு தெரியும். அதுக்குள்ள நாய்க்கு அரிப்பு போயிருந்தா பரவாயில்லை. பல வீட்டுல போயிருக்காது.

ஏன்னா அரிப்பு ஒரு அறிகுறி மட்டும்தான். வருமான வரி ரீஃபண்ட் வரலைன்னா என்ன பண்ணுவோம்? பேங்க் அக்கவுண்ட் வேலிடேட் ஆகலையா, பழைய டிமாண்ட் பாக்கி இருக்கா, டிடிஎஸ் பொருந்தலையான்னு முதல்ல காரணத்தைத் தேடுவோம். நாய்த் தோலுக்கும் அதே வழிதான்.

ஒரே அரிப்பு, பல காரணங்கள்

* தெள்ளுப்பூச்சி, உண்ணி. தெள்ளுப்பூச்சி எச்சில் அலர்ஜி இருக்கிற நாய்க்கு சில கடியே போதும்.
* கண்ணுக்குத் தெரியாத மைட் பூச்சிகள். டெமோடெக்ஸ் வகை மனுஷங்களுக்குப் பரவாது. சார்கோப்டிஸ் வகை மத்த நாய்களுக்குப் பரவும், நமக்கும் தற்காலிகமா அரிப்பு கொடுக்கும்.
* பாக்டீரியா, ஈஸ்ட் தொற்று. பெரும்பாலும் இதுக்குப் பின்னாடி வேற ஒரு காரணம் ஒளிஞ்சிருக்கும்.
* படர்தாமரை. இது வீட்டு ஆட்களுக்கும் ஒட்டும்.
* உணவு அலர்ஜி, தூசி மாதிரி சுற்றுப்புற அலர்ஜி.
* தைராய்டு குறைவு. இதுல அரிப்பை விட முடி கொட்டுறதுதான் அதிகமா தெரியும்.

வெறும் கண்ணால பார்த்தா இதுல பலதும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டா ஓரிரு நாள்ல அரிப்பு அடங்கும், நமக்கும் நிம்மதியா இருக்கும். ஆனா டெமோடெக்ஸோ பூஞ்சையோ இருந்தா, ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைச்சு நோயை வளர்த்துடும். ஸ்டீராய்டு கெட்ட மருந்துன்னு சொல்லலை. காரணம் தெரிஞ்ச பிறகு டாக்டர் கொடுத்தா அது நல்ல மருந்துதான்.

எந்த டெஸ்ட் எதுக்கு?

ஸ்கின் ஸ்கிரேப்பிங்: பிளேடால தோலை லேசா சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. மைட் இருந்தா பெரும்பாலும் அங்கேயே தெரியும். சார்கோப்டிஸ் மட்டும் சில நேரம் தப்பிச்சுடும். அதனால சந்தேகம் வலுவா இருந்தா, ரிசல்ட் நெகட்டிவ்னாலும் டாக்டர் அதுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பாங்க.

சைட்டாலஜி: டேப்போ ஸ்லைடோ வச்சு ஒத்தி எடுத்து பாக்டீரியா, ஈஸ்ட் இருக்கான்னு பார்க்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் புண் திரும்பத் திரும்ப வந்தா, எந்த மருந்து வேலை செய்யும்னு சொல்ற கல்ச்சர் டெஸ்ட் கேளுங்க.

பூஞ்சை கல்ச்சர்: படர்தாமரை சந்தேகத்துக்கு. ரிசல்ட் வர இரண்டு மூணு வாரம் ஆகலாம்.

உணவு டிரயல்: டாக்டர் சொல்ற ஒரே உணவை சுமார் 8 வாரம் கொடுக்கணும். நடுவுல ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் டெஸ்ட் கெட்டுடும். உணவு அலர்ஜியை ரத்தப் பரிசோதனையில உறுதியா கண்டுபிடிக்க முடியாது, அதுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது உதாரணத் தொகை மட்டும்தான், உங்க ஊர்ல மாறும். மாசம் ஒரு விசிட் ₹500, மருந்து ₹700. ஆறு மாசத்துல ₹7,200. இதுவே முதல் விசிட் ₹500, டெஸ்ட் ₹1,000, சரியான மருந்து ₹2,000, ரிவ்யூ ₹500 என்றால் மொத்தம் ₹4,000. மிச்சம் ₹3,200. ஆறு மாச வேதனையும் மிச்சம், அதுதான் பெரிய விஷயம். அலர்ஜின்னு முடிவானா செலவு தொடரும்தான், ஆனா எதுக்காகன்னு தெரிஞ்சு செலவு பண்ணுவீங்க.

தனியார் க்ளினிக் கட்டுப்படியாகலையா? சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலியில இருக்கிற அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல கட்டணம் பொதுவா குறைவு. அரை நாள் லீவ் போட வேண்டி வரலாம், அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

போகும்போது கையில இருக்க வேண்டியவை

* எப்போ, எந்த இடத்துல ஆரம்பிச்சதுன்னு தேதியோட போட்டோ
* இதுவரை கொடுத்த மருந்து, ஷாம்பு, உண்ணி மாத்திரை பெயர்கள்
* சாப்பாடு, ஸ்நாக்ஸ் லிஸ்ட்
* வீட்டுல யாருக்காவது அரிப்பு இருக்கான்னு தகவல்

முந்தின நாள் குளிப்பாட்டி மருந்து தடவிக் கூட்டிட்டுப் போகாதீங்க, சாம்பிள் சரியா கிடைக்காது. மருந்துக்கடைக்காரர் சொன்னார்னு ஐவர்மெக்டின் கொடுக்கவே கொடுக்காதீங்க, கோலி மாதிரி இனங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

டாக்டர்கிட்ட மூணே கேள்வி: என்ன நோய்னு நினைக்கறீங்க? அதை எந்த டெஸ்ட் உறுதிப்படுத்தும்? இந்த மருந்து கேக்கலைன்னா அடுத்து என்ன?

வரி, இன்ஷூரன்ஸ்

நாயோட மருத்துவச் செலவுக்கு வருமான வரியில மருத்துவக் கழிவு கிடையாது, அது குடும்பத்துக்கும் பெற்றோருக்கும்தான். கால்நடை க்ளினிக் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு, பில்லைப் பாருங்க. பெட் இன்ஷூரன்ஸ்ல ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு பொதுவா க்ளெய்ம் கிடைக்காது. அதனால பாலிசி எடுக்கிறதா இருந்தா நாய் ஆரோக்கியமா இருக்கும்போதே எடுங்க, தோல் நோய் பத்தின வரியைப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா மாசம் ₹500 ஒரு ஆர்டி போதும். வருஷத்துக்கு ₹6,000 தனியா இருக்கும், டெஸ்ட் எழுதிக் கொடுத்தா தயங்காம எடுக்கலாம்.