மாம்பழ ஈயும் மாறிய பெயர்களும்

போடி மலையடிவாரத் தோப்புகளில் மாங்காய் எடுக்கும் வணிகர்கள், தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியைக் கண்டால் ஒதுக்கிவிட வேண்டும். பழ ஈ முட்டையிட்ட இடம் அது. உள்ளே புழு இருப்பது பழத்தை அறுத்த பிறகே தெரியும். ஒரு சமயம் நாம் அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வந்தது; லாரி வாடகையும் நம் தலையில்தான்.

பழைய வேளாண் நூல்களில் இந்த ஈயின் பெயர் 'டேக்கஸ் டார்சாலிஸ்'. டேக்கஸ் பேரினத்தின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அவற்றின் வயிற்று வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நம் மாம்பழ ஈக்கு அவை தனித்தனியாக இருப்பதால், இப்போது அது 'பேக்ட்ரோசீரா டார்சாலிஸ்'. 2003ல் கென்யாவில் தென்பட்ட ஈயைப் புது இனம் என்று 2005ல் பெயரிட்டார்கள். 2015ல் அதுவும் இதே ஈதான் என்று முடிவாயிற்று!

பெயர்ச் சண்டை நமக்கெதற்கு என்று இருந்துவிட முடியாது. பழ ஈக்கள் காரணமாக 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தை நிறுத்தி, 2015ல்தான் மீண்டும் அனுமதித்தது.

தோப்பில் மெத்தில் யூஜினால் பொறி கட்டினால் ஆண் ஈக்கள் விழும். கறுத்த முதுகின் இருபுறமும் மஞ்சள் கோடு, வயிற்றில் ஆங்கில 'டி' எழுத்துப் போன்ற கறுப்புக் குறி இருந்தால் டார்சாலிஸ். இறக்கை நுனியில் தனிப்புள்ளி இருந்தால் வேறு இனம். பாகல், பூசணியைக் கெடுக்கும் ஈ இந்தப் பொறிக்கு வராது. அதற்குக் 'கியூலூர்' வைக்க வேண்டும்.