ஞானப்பல்லும் மாத்திரை அட்டையும்

"பல் வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டால் நம் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் எதிர்க்கேள்வி வராது. வலிக்கு ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, வயிறு புண்ணாகாமலிருக்க ஒன்று. மூன்றையும் அட்டையிலிருந்து கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு நீட்டிவிடுவார்கள். இரண்டு நாளில் வலி அடங்கும், வீக்கம் வடியும், பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வடிந்துவிடும். சில மாதம் கழித்து, செமஸ்டர் தேர்வு நேரத்திலோ வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் வாரத்திலோ, அதே இடத்தில் மறுபடியும் தொடங்கும். ஞானப்பல் வலியில் பலரும் சுற்றிவரும் செக்கு இதுதான்.

பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கிற பல் இது. மேலே இரண்டு, கீழே இரண்டு. சிலருக்கு ஒன்றிரண்டு உருவாவதே இல்லை. தாடையில் இடமிருந்தால் நேராக எழும்பும். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பல்லின் மேல் சாய்ந்தோ, படுத்தவாக்கிலோ எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும். எலும்புக்குள் முழுசாகப் புதைந்த பல் பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். வம்பு செய்வது பாதி முளைத்த பல்தான். அதன் மேல் ஒரு ஈறு மடிப்பு மூடியிருக்கும், சட்டைப் பை மாதிரி. சோற்றுப் பருக்கையும் கீரை நாரும் அதற்குள் போய்த் தங்கும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல்பல் வேறு கடிக்கும். வாய் முழுசாகத் திறக்காது, எச்சில் விழுங்கினால் வலிக்கும், காதுக்குள் குத்தும். காது டாக்டரிடம் போய், காதில் ஒன்றுமில்லை என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு.

ஆன்டிபயாடிக் கிருமியைக் குறைக்கும். பை அப்படியேதான் இருக்கும். மருத்துவர் முதலில் செய்வது அந்த மடிப்புக்குள் சலைன் பாய்ச்சிக் கழுவுவது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பலருக்கு அதுவும் வலி மாத்திரையுமே போதும். வீட்டில் வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிப்பது நல்ல வழக்கம். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும், உண்மை. ஆனால் சொட்டுச் சொட்டாக ஈறில் ஊற்றினால் புண்ணாக்கிவிடும். புகையிலையை அந்தப் பக்கம் அடக்கிக்கொள்ளும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதைவிட மோசமான வைத்தியம் இல்லை.

இனி, தாடை வலித்தாலே ஞானப்பல் என்று முடிவு கட்டுவதும் தவறு. காலையில் எழும்போது காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் என்றால் அது தாடை மூட்டுப் பிரச்சினையாக இருக்கலாம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு இது சகஜம். அவர்களுக்கு மென்மையான உணவும் ஒத்தடமும் பயிற்சியும், சிலருக்கு இரவில் பல்லில் மாட்டும் உறையும்தான் பலன் தரும். ஞானப்பல்லை எடுத்தால் காசுதான் போகும். பாக்கு, குட்கா போடுகிறவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறப்பு குறைந்து, காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்து நாராக இறுகினால் அது வேறு நோய். புற்றுநோயாக மாறக்கூடியது. இன்னொன்றும் உண்டு: மாடி ஏறும்போது கீழ்த்தாடையில் வந்து, உட்கார்ந்தால் அடங்கும் வலி. கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் அழுத்தம் என்றால் பல்லை விட்டுவிட்டு முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும். இதய வலி தாடையில் மட்டுமே தெரிவதும் உண்டு.

சரி, பிடுங்கத்தான் வேண்டுமா? பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே, நோயில்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் அகற்ற வேண்டாம் என்று வழிகாட்டியது. அமெரிக்காவில் பதின்பருவத்திலேயே நான்கையும் எடுத்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு. எனக்கு பிரிட்டன் வழிதான் நியாயமாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு: விட்டுவைத்த பல்லை மறந்துவிடக் கூடாது. சாய்ந்த பல்லுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் பல்லுக்கும் நடுவே அழுக்குச் சேர்ந்து, ஆயுளுக்கும் தேவைப்படும் அந்த நல்ல கடைவாய்ப்பல் சொத்தையாகிவிடலாம். அப்படிச் சொத்தை தெரிந்தாலோ, ஈறு வீக்கம் திரும்பத் திரும்ப வந்தாலோ, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவானாலோ எடுப்பதே சரி. முன்வரிசைப் பல் கோணலாகிவிடும் என்பதற்காக மட்டும் எடுக்கச் சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்று பாட்டிமார் சொல்வதற்கும் அடிப்படை இல்லை. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

முடிவெடுக்க உதவுவது தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே. கீழ்த்தாடை எலும்புக்குள் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. பல்லின் வேர் அதை ஒட்டியிருந்தால் சிகிச்சைக்குப் பிறகு உதடு மரத்துப்போகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், அரிதாக நிலைத்துவிடும். சந்தேகமிருந்தால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுக்கும் முறையும் உண்டு. வேர் முழுசாக வளராத, எலும்பு இறுகாத இருபதுகளின் தொடக்கத்தில் எடுப்பது நாற்பதில் எடுப்பதைவிடச் சுலபம்.

பலரைத் தடுப்பது பயம். மயக்க மருந்தின் வரலாறே ஒரு ஞானப்பல்லோடு பின்னிக் கிடக்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததை ஒரு மேடைக் காட்சியில் பார்த்தார். மறுநாள், 1844 டிசம்பர் 11 அன்று, அதே வாயுவை முகர்ந்து, சக மருத்துவர் ஜான் ரிக்ஸைக் கொண்டு தன் ஞானப்பல்லையே பிடுங்கிக்கொண்டார். இன்று நமக்குப் போடுவது லிக்னோகெய்ன் ஊசி. 1943-இல் ஸ்வீடனின் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. ஊசி குத்தும் வலி தெரியும். அப்புறம் எலும்பைக் கொஞ்சம் தேய்த்து, பல்லைத் துண்டாக்கி எடுக்கும்போது அழுத்தமும் இயந்திரச் சத்தமும்தான். வலி தெரிந்தால் கையைத் தூக்குங்கள், மறுபடி போடுவார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்களும், சர்க்கரை உள்ளவர்களும் அப்படியே. எடுத்த அன்று துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது. ஆறிய தயிர்சாதமும் ஐஸ்கிரீமும் உதவும். கொப்பளிப்பது மறுநாளிலிருந்துதான். இரண்டு, மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போய் இறங்கும், பயப்பட வேண்டாம். இறங்க வேண்டிய வலி மூன்று, நான்காம் நாளில் ஏறினால், உறைந்த ரத்தம் கழன்று குழி வறண்டிருக்கிறது என்று பொருள். புகைப்பவர்களுக்கு இது அதிகம். மாத்திரையைக் கூட்டாமல் மருத்துவரிடம் போனால் கழுவி மருந்து வைப்பார், சீக்கிரமே தேறிவிடும்.

செலவுக்குத் தயங்குகிறவர்களுக்கு 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப்பல் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவினால் மூச்சுக்குழாய் அடைபடும். 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த அந்த நிலை இன்றும் உயிர் குடிக்கிறது. தாடைக்கு அடியில் கல்போல் வீக்கம், நாக்கு மேலே தள்ளுவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, குரல் மாறுவது, மூச்சு முட்டுவது, இவற்றில் எது தெரிந்தாலும் காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று படுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.